மூன்று விரல் சிவப்பு

சுவிஸின் நொஷாட்டல் நகரில் நான் வேலை பார்த்த அருங்காட்சியகத்தின் மேல்மாடியில், கடைசிக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சாண் நீள மரத்துண்டு இருக்கிறது. எகிப்தியச் சவப்பெட்டியொன்றின் மார்புப் பகுதி. மஞ்சள் பூச்சின் மேல் சிறகு விரித்த தேவியின் முகம். அதன் ஓரத்தில் மங்கலான சிவப்புக் கறை. கீழேயுள்ள அட்டையில் காலத்தை எழுதிவிட்டுக் கேள்விக்குறி போட்டிருக்கிறார்கள். போன கிழமையும் போய்ப் பார்த்தேன். மனதில் எதுவும் எழவில்லை. கால்தான் கொஞ்சம் வலித்தது.

அந்தக் கறை முன்பு ஒரு பட்டை. சடலத்தின் மார்பில் கட்டும் சிவப்புத் தோல்வாரைப் பெட்டியின் மேலும் வரைவார்கள். ஒடுக்கமானால் முந்திய காலம், அகலமானால் பிந்திய காலம் என்று எங்கள் மேற்பார்வையாளரான மதாம் சொல்லித் தந்திருந்தார். யாரோ உயில் எழுதி விட்டுப்போன துண்டுகள் பெட்டி பெட்டியாக வந்திருந்தன. படம் எடுக்கும் முன் அவற்றின் அழுக்கை நீக்குவது எனக்கும் அண்ணைக்கும் வேலை. அண்ணை என்று நான் கூப்பிட்டாலும் உறவில்லை; என்னைவிடப் பத்து வயது மூத்தவர், யாழ்ப்பாணத்தவர். நான் பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படித்தவன், பிரெஞ்சும் பேசுவேன். அவருக்கு ஆமென்பதற்கு ‘உய்’, நன்றிக்கு ‘மெர்சி’ மட்டும்தான். வேலை நிரந்தரமானால்தான் ஊரிலிருந்த மனைவியையும் மூன்று வயது மகளையும் அவர் கூப்பிட முடியும். அதற்காகவே காத்திருந்தார்.

அழுக்கை எச்சிலால் எடுக்க வேண்டும். குச்சியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் தொட்டு, மெல்ல உருட்ட வேண்டும். அந்த வேலையில் அது வழக்கம். தண்ணீர் பட்டால் பழைய வண்ணம் கரைந்துவிடும். அண்ணை கூச்சமில்லாமல் செய்வார். தேவியின் முகத்தில் எச்சிலை வைக்க எனக்குக் கை வரவில்லை.

“என்ன ஐயரே, துப்பப் பயமோ?” என்று சிரித்தார். “மனிசி செத்து மூவாயிரம் வருசம், தம்பி. உம்மட எச்சிலுக்கு எழும்பி வரமாட்டா.”

அவர் தேநீர் குடிக்கப் போனதும் பஞ்சைத் தண்ணீரில் நனைத்தேன். முகம் பளிச்சென்றது. வழிந்த ஈரத்தை ஒற்றியபோது சிவப்பு பஞ்சோடு வந்துவிட்டது; மங்கலான கறைதான் மிஞ்சியது.

மதாம் பார்த்தார். படித்தவனை அவர் சந்தேகிக்கவில்லை. அண்ணையிடம், இதைத் தண்ணீரில் நனைத்தது நீங்களா என்று பிரெஞ்சில் கேட்டார். மொழிபெயர்க்க வேண்டியவன் நான்.

“இண்டைக்குத் துண்டுகள் துடைச்சனீங்களோ எண்டு கேக்கிறா, அண்ணை.”

“ஓம், ஓம். உய், மதாம்!” என்று தலையாட்டினார். பெருமையாகத்தான் சொன்னார்.

அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. மனைவியும் மகளும் வந்து சேர எட்டு வருடம் பிடித்தது. விமான நிலையத்தில் மகள் தாயின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவரோடு கதைக்கவேயில்லையாம்.

பிறகு ரெனான் என்ற ஊரில் ஒரு கலியாண வீட்டில் அவரைக் கண்டேன். உணவகச் சமையலறைகளில் வேலை செய்து பிரெஞ்சு பழகியிருந்தார். “அண்டைக்கு மதாம் கேட்டது காதுக்குள்ளேயே கிடந்தது, தம்பி. பாஷை பிடிபட்டாப் பிறகுதான் விளங்கினது,” என்றார். “சரி, சாப்பிட்டீரோ?” என்று கேட்டுவிட்டு நகர்ந்தார். இந்த மாசியில் அவர் இறந்துபோனார். செத்தவீட்டில் அவருடைய மகள் எனக்குக் கதிரை எடுத்துப் போட்டாள். இருந்தேன். அழுகை வரவில்லை.

அட்டையிலுள்ள கேள்விக்கு விடை எனக்குத் தெரியும். பஞ்சை நனைக்கும் முன் அந்தப் பட்டைக்கு மேலே விரல்களைப் பிடித்து அளந்திருந்தேன். மூன்று விரல் அகலம். பிந்திய காலம். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள் என்பதால் இத்தனை வருடமாகச் சொல்லவில்லை. தண்ணீரில் நனைத்தவன் நான்.