எந்தக் கை முறுக்கும்?

"வலிப்பு வரும்போது எந்தக் கை முறுக்கும்?" என்று நரம்பியல் மருத்துவர் கேட்டார். கேள்வி எனக்கல்ல, அம்மாவுக்கு. அந்த நேரத்தில் எனக்கு நினைவு இருப்பதில்லை. ஆறு ஆண்டுகளாகப் பெரும்பாலும் பக்கத்தில் இருந்தவள் அவள்தான்.

அம்மா தன் கைகள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தெரியலைங்க டாக்டரம்மா."

எனக்கு வருவது கீழே விழுந்து உடல் முழுவதும் வெட்டி இழுக்கும் வலிப்பு அல்ல. அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்று தொண்டைக்கு ஏறும். அதோடு என் நினைவு முடிந்துவிடும். மீதியைப் பிறர் சொல்லித்தான் அறிவேன். வெறித்துப் பார்ப்பேன், வெறும் வாயை மெல்லுவேன், உடையைப் பிடித்து இழுப்பேன், புரளுவேன். மருந்துகளை மாற்றிப் பார்த்தும் அது நிற்கவில்லை.

மருந்துக்கு அடங்காத வலிப்பு மூளையில் ஒரே இடத்திலிருந்து கிளம்புகிறதா என்று தேடுவார்கள். அந்த இடம் உறுதியானால், அதை அகற்ற முடியுமா என்று யோசிப்பார்கள். எம்.ஆர்.ஐ. (காந்தப்புலத்தால் மூளையின் அமைப்பைப் படமெடுப்பது) என் வலப்பக்கத்தில் ஒரு மடிப்பு சற்றுச் சுருங்கியிருக்கலாம் என்றது. 'இருக்கலாம்', அவ்வளவுதான். இ.இ.ஜி. (தலையில் மின்முனைகளை ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதிவது) இரண்டு பக்கமும் சந்தேகம் என்றது.

வலப்பக்கம் என்றால் அறுவை சிகிச்சை செய்யலாம். இடப்பக்கம் என்றால் அங்கே என் பேச்சும் சொற்களும் இருக்கின்றன, தொடுவது கடினம். மிச்சக் காலம் முழுவதும் இப்படியே.

நான் மென்பொருள் சோதனை செய்பவள். ஒரு பிழையின் மூலத்தைக் காண வேண்டுமானால் அது கண் முன்னால் மறுபடி நிகழ வேண்டும். தினமும் நானே பிறருக்குச் சொல்லும் விதி. அதையே மருத்துவர் என் வலிப்பைப் பற்றி என்னிடம் சொன்னார்.

பரிசோதனையின் பெயர் ஸ்பெக்ட் (மிகக் குறைந்த கதிரியக்கம் கொண்ட மருந்தைச் செலுத்தி மூளையின் இரத்த ஓட்டத்தைப் படமெடுப்பது). வலிப்பு கிளம்பும் இடத்துக்கு அந்த நேரத்தில் இரத்தம் அதிகமாகப் பாயும். தொடங்கிய சில நொடிகளுக்குள் மருந்தை ஏற்றினால், அது அங்கேயே போய்த் தங்கிவிடும். படத்தைப் பிறகு சாவகாசமாக எடுக்கலாம். ஊசி போட்ட கணத்தைத்தான் அது காட்டும். தாமதமானால் வலிப்பு பரவியிருக்கும், படத்தில் எல்லா இடமும் ஒளிரும்.

மதுரையில் ஒரு மருத்துவமனையில் அனுமதியானேன். தலையில் மின்முனைகள், மேலே கேமரா, கையில் ஊசிக் குழாய். மாத்திரைகளைக் குறைத்தார்கள். கதிரியக்க மருந்து காலையில் வரும், மாலைக்குள் வீரியம் போய்விடும். வலிப்பு அதற்குள் வந்தாக வேண்டும். ஈய உறை போட்ட ஊசியோடு ஒரு செவிலியர் என் முகத்தையே பார்த்தபடி அமர்ந்திருந்தார்.

"பொண்ணு பாக்க வந்தவுககூட எம்மகள இம்புட்டு உத்துப் பாத்ததில்ல," என்றாள் அம்மா.

செவிலியர் சிரித்தார். கண்ணை மட்டும் எடுக்கவில்லை. "பேச்சுக் குடுக்காதீங்கம்மா. நான் திரும்புற நேரத்துலதான் வரும்."

அம்மா என் காதருகே குனிந்தாள். "வரவே கூடாதுன்னு திருப்பரங்குன்றத்துல வேண்டியிருக்கேன். இப்ப வாடான்னு எப்புடி வேண்டுறது?"

முதல் நாளே, மதியத்துக்கு முன் வந்தது. நடந்ததைப் பிறகு கணினித் திரையில் பார்த்தேன். என் கண் நிலைகுத்துகிறது. செவிலியர் என் கையிலுள்ள குழாயை நோக்கி எழுகிறார். அவருக்கு முன்னால் அம்மா பாய்ந்து, காலடியில் கிடந்த போர்வையை என் கழுத்துவரை இழுத்து, அதன்மேல் கவிழ்ந்துகொள்கிறாள். போர்வைக்குள் என் கையைத் தேடியதில் ஊசி தாமதமானது. கேமராவில் பதிவானது அசையும் ஒரு வெள்ளைத் துணி. ஸ்பெக்ட் படத்தில் இரண்டு பக்கமும் ஒளிர்ந்தன.

"ஏம்மா மூடுனீங்க?" என்றார் மருத்துவர்.

"பொம்பளப் புள்ளைங்க. துணி விலகுதுல்ல."

"எப்பவும் இப்படித்தான் மூடுவீங்களா?"

"ஆமாங்க. வேற யாரும் பாக்குறதுக்குள்ள மூடிருவேன்."

மருத்துவர் என்னைப் பார்த்தார். ஆறு ஆண்டுகளாக வலிப்பின் நடுவில் என் கைகள் என்ன செய்கின்றன என்று யாருமே பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

கோபம் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் பேருந்து நிலையத்திலும் கல்யாண மண்டபத்திலும் நான் கண் திறந்தபோதெல்லாம் ஏதோ ஒரு துணிக்குள் இருந்தேன். "ஒண்ணுமில்ல, பித்த மயக்கம்" என்ற அம்மாவின் குரல் வெளியே கேட்கும். அந்தத் துணி இருந்ததால்தான் மறுநாள் என்னால் தலைநிமிர்ந்து வேலைக்குப் போக முடிந்தது.

இரண்டாம் நாள் வரவில்லை. வர வேண்டும் என்று நான் படுத்திருந்ததே விசித்திரமாக இருந்தது. வயிற்றில் சிறு அசைவு என்றாலும் மூச்சைப் பிடித்துக் கவனித்தேன், பசியாக இருந்தது. இன்னும் ஒரு நாள்தான் பார்ப்போம், அதற்குமேல் மருந்தைக் குறைத்து வைப்பது ஆபத்து என்றார் மருத்துவர்.

மூன்றாம் நாள் காலை அம்மா கீழே கடைக்குப் போய் ஊசியும் நூலும் வாங்கி வந்தாள். நான் படுத்திருக்க, சுடிதார் மேல்சட்டையின் ஓரத்தைக் கால்சட்டையோடு சேர்த்துச் சுற்றிலும் தைத்தாள்.

"பாத்ரூம் போகணும்னா?" என்றேன்.

"பிரிச்சுட்டு மறுபடி தைக்கிறேன். எனக்கு இங்க வேற என்ன வேல?"

தைத்து முடித்துப் போர்வையை எடுத்து மடித்து, செவிலியரிடம் கொடுத்தாள். "இத வெளிய வச்சுருங்க தாயி. கிட்ட இருந்தா என் கை சும்மா இருக்காது."

அன்று மதியம் சாப்பாட்டுத் தட்டு வந்த நேரத்தில் வயிற்றிலிருந்து ஏறியது. "அம்மா" என்றேன். அதற்குமேல் எனக்குத் தெரியாது.

பதிவில் தெரிகிறது. செவிலியர் உடனே ஊசி போடுகிறார். அம்மா இரண்டடி வருகிறாள், நிற்கிறாள், திரும்பிப் போய்ச் சன்னல் கம்பியை இரு கைகளாலும் பிடித்துக்கொள்கிறாள். கட்டிலில் ஒரு பெண் வெறும் வாயை மெல்லுகிறாள். அவளது வலக்கை உடையைப் பிடித்து இழுக்கிறது, தையல் விடவில்லை. இடக்கை மெல்ல உயர்ந்து, மணிக்கட்டில் மடிந்து, ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்குகிறது.

"எடது கை!" என்று அம்மா கத்துகிறாள். "டாக்டரம்மா, எடது கை!" மருத்துவர் அந்த அறையிலேயே இல்லை.

இடக்கையை இயக்குவது மூளையின் வலப்பக்கம். வலிப்பில்லாத நாளில் எடுத்த படத்தை அன்றைய படத்திலிருந்து கழித்தபோது மிஞ்சியது ஒரே ஒரு சிவப்புத் திட்டு. வலப்பக்கம், எம்.ஆர்.ஐ. சந்தேகப்பட்ட அதே மடிப்பு. நான் ஒருபோதும் இருந்திராத சில நொடிகள் திரையில் நின்றுகொண்டிருந்தன.

இதே அறைக்குப் போகவிருப்பவர்களுக்குச் சில குறிப்புகள்:

துணைக்கு இருப்பவர் எங்கே நிற்க வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பதை முன்பே பேசிவிடுங்கள்.

வீட்டில் வலிப்பு வந்தால், பாதுகாப்பாகப் படுக்கவைத்தபின், இரண்டு கைகளும் தெரியும்படி ஒருவர் கைபேசியில் வீடியோ எடுக்கட்டும். கூச்சமாக இருக்கும். எடுங்கள்.

மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். அங்கே குறைக்கும்போது பக்கத்தில் மருத்துவர் இருக்கிறார்.

அறுவை சிகிச்சை முடிந்தது. புது முகங்கள் சற்றுத் தாமதமாகப் பிடிபடுகின்றன. சொற்கள் அப்படியே இருக்கின்றன. மாத்திரை தொடர்கிறது. வலிப்பு இதுவரை வரவில்லை. 'இதுவரை' என்ற சொல்லை நான் விடுவதில்லை.

உடல் இன்னும் நம்பவில்லை. தலையின் வலப்பக்கத்தைத் தொட்டால் தோலில் பாதி மரத்திருக்கிறது. யாருடையதையோ தொடுவதுபோல் இருக்கிறது. முன்பு என் நாட்களில் ஓட்டைகள் இருந்தன. இப்போது ஒரு பகல் முழுக்க அறுபடாமல் வந்து சேர்கிறது, மாலைக்குள் களைத்துவிடுகிறேன்.

வீட்டில் எங்கேயாவது வெறித்துப் பார்த்தால் அம்மா உடனே என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். நான் பதில் சொல்ல வேண்டும். சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் உரிமை எனக்கு ஆண்டுக்கணக்கில் இல்லை. போன வாரம் மாடியில் துணி எடுக்கப் போனவள் நாகமலையைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். பாறைகளின் நிறம் மாறும்வரை நின்றேன். படியில் அம்மாவின் காலடி வந்து, நின்றது. அவள் கூப்பிடவில்லை.

மலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இருக்கேன்மா," என்றேன்.

"இரு, இரு," என்றாள். காலடி இறங்கிப் போகவும் இல்லை.