உடலை வாங்க மாட்டோம்

அத்தானைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள் என்று போன் வந்ததிலிருந்து என் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. அத்தான் என்றால் அக்காவின் கணவர்; கீழ்வேளூர் பக்கத்திலிருந்து லாரி ஓட்ட வெளிநாடு போனவர். டெல்லி வன்மையாகக் கண்டித்தது. அந்த நாட்டுத் தூதரை அழைத்துப் பேசியது. அவர்கள் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார்கள். டிவியில் இதெல்லாம் ஓட ஓட, நான் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

"வருத்தப்பட்டவங்க அவரை எப்ப அனுப்புவாங்களாம்?" என்று கேட்டாள் அக்கா. ஒரு தடவை முகத்தைப் பார்க்க வேண்டும், அவளுக்கு அவ்வளவுதான்.

ஊர் வேறு முடிவெடுத்தது. எங்கள் பக்கம் யாரையாவது கொன்றுவிட்டால், கொன்றவனைப் பிடிக்கும்வரை உடலை வாங்க மாட்டோம் என்று சாலையில் உட்காருவோம். ஆஸ்பத்திரியில் பிணம் கிடக்கக் கிடக்க அதிகாரிகளுக்கு உதறல் எடுக்கும். பொழுது சாய்வதற்குள் இறங்கி வருவார்கள். அந்த நம்பிக்கையில் குறுவை நடவை அப்படியே பாதியில் போட்டுவிட்டு வந்து பஸ்ஸை மறித்தார்கள். என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். நான் பாட்டுக்கு எழுந்து எழுந்து போனேன்.

தாசில்தார் குரலை உயர்த்தாமல் பேசினார். "நம்ம ஜி.எச்.ல இருந்தா நாங்க பயப்படுவோங்க. அது அங்கல்ல இருக்கு? நீங்க வேண்டாம்னா அவங்களுக்கு என்னங்க கஷ்டம்? குடும்பம் சம்மதிக்கலைன்னு சொல்லிட்டு சும்மா இருந்துருவாங்க."

எழுந்தால் மானம் போய்விடுமாம், யாரும் எழுந்திருக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொன்றவன் கடல் தாண்டி இருக்கிறான். நாங்கள் திருவாரூர் பஸ்ஸை மறித்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற நம் ஜனங்களை வெயிலில் காய வைத்துக்கொண்டிருந்தோம். நாட்கள் ஓடின. டெல்லியின் கண்டனம் கவலையானது. கவலை, தொடர்ந்து கவனித்து வருகிறோம் என்றானது.

கடைசியில் அக்காவே சாலைக்கு வந்தாள். ஊர்த் தலைவர் முன்னால் நின்று, "நியாயம் மெதுவா வரட்டும் மாமா. அவரை மொதல்ல வரச் சொல்லுங்க" என்றாள். அதன் பிறகுதான் எல்லோரும் எழுந்தார்கள்.

பெட்டி வந்தது. சுற்றிலும் முத்திரை வைத்து மூடியிருந்தார்கள். நாள்பட்டுவிட்டதால் திறக்கக் கூடாது என்று கூட வந்த அதிகாரி சொன்னார்.

"உள்ள இருக்கிறது அவர்தானுங்களா?" என்றாள் அக்கா.

"தூதரகத்துல உறுதிப்படுத்திருக்காங்கம்மா."

பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அக்கா கண்ணில் ஒரு சொட்டு இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது. "அழுதுரு அக்கா" என்று தோளைத் தொட்டேன்.

"பாக்காம எப்படிடா நம்பி அழறது?" என்றாள்.