பால் காய்ச்ச நாள் குறித்தபின்

கும்மிடிப்பூண்டியில் வீடு வாங்கும்போது எங்கள் ஆட்கள் வழக்கமாகச் செய்யும் தப்பைத்தான் நானும் செய்தேன். முதலில் அட்வான்ஸ் கொடுத்தேன். பிறகு பால் காய்ச்ச நாள் குறித்தேன். அதற்கும் அப்புறம்தான் வீடு உறுதியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஆள் தேடினேன். பத்திரிகை அடித்துவிட்டு ஜாதகம் பார்ப்பதுபோல.

இரும்புக் கம்பி போடும் கம்பெனியில் தரம் பார்ப்பதுதான் என் வேலை. கூட வேலை செய்கிறவர் ஒருவர், "பழைய ஊடு சார், பார்த்துச் சொல்றதுக்குன்னே இன்ஜினீயருங்க கீறாங்க. தாட்சண்யம் பார்க்க மாட்டாங்க" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் மனைவியின் தம்பி மேஸ்திரி. அவனை வைத்துக்கொண்டு வெளியாளைக் கூப்பிட்டால் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா? அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. வீடு எனக்குப் பிடித்துவிட்டது. வேண்டாம் என்று சொல்ல முடியாத ஒருவனைத்தான் பார்த்துக் கூட்டிப் போனேன்.

மச்சான் சுவர் சுவராகத் தட்டினான். பின் அறையில் ஒரு கழியை எடுத்து சீலிங்கைத் தட்டிவிட்டு, அண்ணாந்தபடி வெகுநேரம் நின்றான். ஹாலிலிருந்து என் மனைவி, "டேய், சாமி படத்த இங்க மாட்டலாமா?" என்று கேட்டாள். அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "மாட்டுக்கா" என்றான்.

"இன்னா மச்சான், எப்டிகீது?"

"நல்லாத்தான்கீது மாமா." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது போன் செய்தான். "மாமா, பின் ரூமு சீலிங் எனக்குப் புடிக்கல. உள்ள கம்பி துரு புடிச்சிகீது போல. ஊட்ட விக்கிறவன் பட்டி வெச்சி பெயிண்ட் அடிச்சி மூடிகீறான். ஒரு இன்ஜினீயர இட்டாந்து காட்டிடு. நான் சொன்னேன்னு அக்காவுக்குத் தெரிய வேணாம். நாள் குறிச்ச ஊட்ட கூடப் பொறந்தவனே கொற சொன்னான்னு மனசு ஒடஞ்சிடும்."

"சரி, பாத்துக்கலாம்" என்றேன். பார்க்கவில்லை. ஒரு இன்ஜினீயரையும் கூப்பிடவில்லை. குறித்த நாளில் பால் பொங்கியது, எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

இரண்டாவது மழைக்காலத்தில், பின் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவியின் இடது தோளில் சீலிங் பெயர்ந்து விழுந்தது. எலும்பு கூடிவிட்டது, கைதான் தோளுக்கு மேல் எழும்பவில்லை. இன்றைக்கும் அவளால் தன் தலையைத் தானே பின்னிக்கொள்ள முடியாது. என் கோணல் பின்னலோடுதான் வெளியே போகிறாள்.

ஆஸ்பத்திரியில் பார்க்க வந்த தம்பியிடம், "நீ பார்த்துட்டு நல்லாகீதுன்னுதானடா சொன்ன? இனிமே என் மூஞ்சில முழிக்காத" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த நான் வாய் திறக்கவில்லை. இன்னும் நாலு நாள் போகட்டும், அவள் உடம்பு தேறட்டும் என்று நினைத்தேன். நாலு நாள் நாலு வாரமானது. கோழைக்குச் சாக்குக்கா பஞ்சம்?

அந்தப் பொங்கலுக்கு அவன் பானையும் கரும்பும் மஞ்சள் கொத்துமாகச் சீர் கொண்டு வந்தான். அவள் வெளியே வரவில்லை. என் கையில் கொடுத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

இந்தப் பொங்கலுக்கும் வந்தான். கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, கரும்பை என்னிடம் நீட்டியபோது, "அக்கா கை இப்ப எப்டிகீது மாமா?" என்று மட்டும் கேட்டான். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அவன் வண்டி தெருமுனையில் திரும்பியதும் உள்ளே போனேன். பஸ்ஸில் வந்த போன், அவன் சொன்னது, நான் விட்டது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவாள், கையில் இருப்பதைத் தூக்கி எறிவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"ரெண்டு பொங்கலா என் தம்பி வாசலோட திரும்பிப் போனான். நீ அவன் பக்கத்துலயே நின்னு பாத்துக்கினுதான இருந்த?"

ஆமாம் என்றேன்.