கிளிக்குக் கூண்டு, தேரைக்குத் துடைப்பம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அயனம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். வீட்டில் நானும் மனைவியும் ஒரு பச்சைக்கிளியும். எங்கள் கணக்கில் சேராத இன்னொன்று குளியலறையில் இருந்தது. பழுப்பு நிறத் தேரை.

கிளி, கழுத்தில் சிவப்பு ஆரம் போட்ட ஆண். பூந்தமல்லியில் ஆசைப்பட்டு வாங்கியது. கோவைப்பழத்தை ஒற்றைக் காலில் தூக்கிப் பிடித்து, பந்தியில் உட்கார்ந்த சம்பந்தி மாதிரி நிதானமாகத் தின்னும். தேரைக்கு யாரும் எதுவும் வைத்ததில்லை. அதுவாகக் கொசுவையும் கரப்பானையும் பிடித்துத் தின்றுவிட்டு, விரல் நுனியால் சுவரில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். கிளி கத்தினால் பேசுகிறது என்போம். மழைநாளில் தேரை டக் டக்கென்றால் துடைப்பத்தைத் தேடுவோம்.

மனைவிக்கு அதைக் கண்டால் பயம். டப்பாவில் பிடித்து ஏரிக்கரையில் விட்டுவருவேன். அடுத்த மழைக்குச் சுவரில் மறுபடி ஒன்று இருக்கும். அதே தேரைதானா, யார் கண்டது!

"இன்னா மாமே, தேரையத் தூக்கிகினு வாக்கிங்கா?" என்பான் பக்கத்து வீட்டு நண்பன்.

கிளியால் அந்தத் தொல்லை இல்லை. இறகு வளர வளர வலது பக்கத்தை மட்டும் கத்தரித்துவிடுவேன். எங்கள் தெருவில் கிளி வளர்த்த எல்லாரும் அப்படித்தான், நகம் வெட்டுகிற மாதிரி.

சாயங்காலம் ஏரிப்பக்கம் கிளிக்கூட்டம் கத்திக்கொண்டு போகும். இது கம்பியைக் கவ்விக்கொண்டு பதில் கத்தும். பார்த்துப் பார்த்து மனைவிக்கு மனசு கேட்கவில்லை. "போதுங்க, விட்டுருவோம்" என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளையும் நண்பனையும் அழைத்துக்கொண்டு கரைக்குப் போய்க் கூண்டைத் திறந்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், பறந்துவிடும் என்றுதான் நினைத்தேன். கத்தரி போட்டவனே நான். கிளி எழும்பியது, ஒரு பக்கமாகச் சாய்ந்து சேற்றில் விழுந்தது. காக்கைகள் இறங்கின.

"யோவ், ரெக்கைய வெட்டிட்டு பறக்க உடறியே, காலை ஒடச்சிட்டு ஓடச் சொல்ற மாரி கீது!" என்று கத்திக்கொண்டே நண்பன் காக்கைகளை விரட்டினான்.

மனைவி அதை முந்தானையில் அள்ளிக்கொண்டாள். வீடு வந்து சேர்ந்ததும், "இனிமே கத்தரிக்கோலத் தொடாதீங்க. இறகு முளைச்சதும் அதுவா போகட்டும்" என்றாள். சரி என்றேன். கூண்டுக் கதவையும் திறந்தே வைத்தோம். அது விழுந்தபோது, பதறிய நெஞ்சுக்குள்ளேயே 'அப்பாடா, போகவில்லை' என்றும் ஒரு நிம்மதி வந்ததை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

மாதங்கள் போயின. இறகுகள் நீண்டன. ஒரு மத்தியானம் கிளி அலமாரி மேலிருந்து சாயாமல், நேராகப் பறந்து வந்து சன்னல் கட்டையில் உட்கார்ந்தது. கம்பிக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தது. வேண்டாததை எத்தனை தடவை ஏரிவரை கொண்டுபோய் விட்டிருக்கிறேன்! வேண்டியது ஓர் அடி எடுத்து வைத்தால் போதும் என்றிருந்தபோது, அதை உள்ளே தள்ளிவிட்டுச் சன்னலைச் சாத்தினேன்.

சத்தம் கேட்டு மனைவி சமையலறையிலிருந்து வந்தாள்.

"ஏன் சாத்துனீங்க?"

"மழை வரும் போலிருக்கு."

அவள் வாசல்வரை போய் எட்டிப் பார்த்தாள். வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது.