திறந்து கிடந்த கதவு

பிராம்ப்டனில் நான் வேலை செய்யும் ரொட்டித் தொழிற்சாலையில் மேனேஜரின் அறைக்கதவு மூடப்படுவதே இல்லை. அடியில் ஒரு ரப்பர் துண்டைச் செருகி வைத்திருக்கிறார்கள். "எதுவானாலும் நேரே வந்து சொல்லுங்கள்" என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார் மேனேஜர் கெவின். மாத்தளைப் பக்கம் எங்கள் ஊரில் இருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். வெளிநாடு வந்து ஆறு வருடமாகியும் எனக்கும் அப்படித்தான்.

ரத்தோட்டைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், ஆபீசுக்குப் போனால் வாசலில் நிற்க வேண்டும். கூப்பிடக் கூடாது, தொண்டையைச் செருமவும் கூடாது. தோட்ட மேனேஜரான துரை நிமிர்ந்து பார்த்து என்ன விஷயம் என்று கேட்கும்வரை நிற்பதுதான் மரியாதை. அப்பா அப்படித்தான் நின்றார், அக்காவும் நின்றாள். ஒருவன் வாசலில் நின்றாலே அவனுக்கு ஏதோ வேண்டும் என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியும்.

அக்காவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன. "தம்பி, ஒன்னய பாக்கணும்போல இருக்கு. ஒரு தடவ வந்துட்டுப் போயேண்டா" என்றாள் போனில். லீவு கேட்கக் கெவினின் வாசலில் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து, "ஆல் குட்?" என்றார். அக்கா சாகிறாள் என்று வாசலில் நின்று எப்படிச் சொல்வது? "யெஸ்" என்றேன். கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாளும் போய் நின்றேன், அடுத்த வாரமும் நின்றேன். தனக்கு வணக்கம் சொல்ல வருகிறேன் என்றே அவர் நினைத்திருக்கிறார்.

அக்கா போன செய்தி வந்தபோது மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். கெவின் ஓடி வந்தார். "வாசல்வரை வந்தாயே, ஏன் சொல்லவில்லை?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அவரைத் திட்டக்கூட முடியாமல் போனதுதான் எனக்கு இன்றுவரை வயிற்றெரிச்சல்.

கருமாதிக்குத்தான் ஊர் போய்ச் சேர முடிந்தது. அக்காவின் குழிமேல் சிமெண்டு பூசத் தோட்டத்தின் அனுமதி வேண்டும். அக்காவின் கணவரோடு ஆபீசுக்குப் போனேன். இனி எந்த வாசலிலும் நிற்பதில்லை என்ற வெறியில் விறுவிறுவென்று உள்ளே நுழைந்துவிட்டேன்.

"யாருங்க நீங்க? வெளியில நில்லுங்க. தொர கூப்பிடுவாங்க" என்றார் கிளாக்கர்.

அத்தான் என் கையைப் பிடித்து இழுத்தார். "வாங்க மச்சான். தொரைக்குக் கோவம் வந்துட்டா பெர்மிசன் குடுக்கமாட்டாங்க."

வெளியே வந்து நின்றேன். வெகுநேரம் கழித்துத் துரை நிமிர்ந்தார். "என்னப்பா விஷயம்?" என்றார்.

பிராம்ப்டன் வாசலில் நான் காத்து நின்றது இந்த ஒரு கேள்விக்குத்தான். அக்கா உயிரோடு இருந்தபோது அதைக் கேட்க ஆளில்லை. இப்போது கேட்கிறார்கள், நான் அத்தான் பக்கம் திரும்பிக்கொண்டேன். அத்தான்தான் சொன்னார்.