கிணற்றில் முங்கப் பழகிய வருடம்

எனக்கு நீச்சல் தெரியும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் பெரியப்பாவுக்கு ஒரு பம்புசெட் கிணறு உண்டு. அதில் சுரைக்குடுக்கை கட்டிப் பழகியவள் நான். பிறகு குடுக்கை இல்லாமலே சுற்றி வருவேன், மேல் படியிலிருந்து தொப்பென்று குதிப்பேன். ஆனால் தண்ணீரின் மேல் மிதப்பது வேறு, உள்ளே போவது வேறு. 1991இல், என்னோடு கம்பெனியில் வேலை பார்த்த ஒருத்தியால்தான் அது எனக்குப் புரிந்தது.

ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையோரத்தில் தகர ஷெட் போட்ட ரப்பர் வாஷர் கம்பெனி அது. அச்சிலிருந்து சூடாக வரும் வாஷர்களின் பிசிறை பிளேடால் சீவுவது பெண்களின் வேலை. அவள் புதிதாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயசு. மண்டபம் பக்கத்துக் கடற்கரைக்காரி. புருஷனுக்கு இங்கே புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு தொழிற்சாலையில் வெல்டிங் வேலை. எங்கள் தெருவிலேயே வாடகைக்கு இருந்தார்கள்.

ஒருநாள் டீ நேரத்தில் கேட்டேன். "ஊர்ல இன்னா வேல பாத்துக்கினு இருந்த?"

"கடல்ல முங்கிப் பாசி எடுப்பேன்."

லைனில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கடலுக்குள் ஆம்பிளைகள் போவார்கள், பொம்பளை எப்படி என்று ஒருத்தி கேட்டாள். இவள் கோபப்படவில்லை. "எங்க ஊர்ல பொம்பளைக எல்லாம் போவோம். வள்ளத்துல தீவு வரைக்கும் போயி, கழுத்தளவு தண்ணியில இறங்கி, அப்புறம் முங்கிப் பாறையில இருந்து பிடுங்குவோம்," என்றாள். கால் பாதத்தில் தகடு கட்டிக்கொண்டால் துடுப்பு மாதிரி தள்ளும் என்றும் சொன்னாள்.

"மூச்சு?"

"பிடிச்சுக்கிட்டுத்தான்."

டீ முடிந்து மறுபடி பிசிறு சீவ உட்கார்ந்தோம். அவள் குரலைத் தாழ்த்தி, "உங்க ஊர்ல முங்குற மாதிரி தண்ணி எங்கயாச்சும் இருக்கா? உடம்பெல்லாம் காஞ்சு கிடக்கு," என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெரியப்பாவின் கிணற்றுக்குக் கூட்டிப்போனேன். பாவாடைமேல் புருஷனின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலைமுடியைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். கையில் ஒரு முங்கு கண்ணாடி. முகத்தில் பாதியை மூடும் ஒற்றைக் கண்ணாடி, சுற்றிலும் கருப்பு ரப்பர். அதில் எச்சில் துப்பித் தேய்த்துக் கழுவினாள். ஆவி படியாதாம். படியில் உட்கார்ந்து கண்ணை மூடி, தூங்கப் போகிறவள் மாதிரி மெதுவாக மூச்சு விட்டாள். பிறகு குதிக்காமல், சத்தமே இல்லாமல், தலைகீழாக உள்ளே போனாள். தண்ணீர் மூடிக்கொண்டது. நான் பதறிப்போகும் வரை வரவில்லை. வந்தபோது கையில் அடியிலிருந்து எடுத்த ஒரு பிடி சேறு இருந்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் ஷெட்டில் பார்த்ததே இல்லை.

"எனக்கும் சொல்லிக் குடு," என்றேன்.

முதல்முறை நான் ஓர் ஆள் ஆழம்கூடப் போகவில்லை. காதில் ஊசி குத்தியது போல வலித்து, கத்திக்கொண்டு மேலே வந்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதச் சொன்னாள். "காதுல டொப்புன்னு கேக்கும். வலி வர்றதுக்கு முன்னாடியே ஊது. அப்படியும் வலிச்சா மேல வந்துரு. காதோட சண்டை போடாத."

அதிக நேரம் தாங்கலாம் என்று நினைத்து வேகவேகமாக மூச்சை இழுத்தபோது தோளைப் பிடித்து நிறுத்தினாள். "இப்பிடி இழுத்தேன்னா உள்ளயே மயங்கிருவ. உனக்கே தெரியாது. நிதானமா ஒண்ணு இழு, போதும்." இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொன்னாள். ஒருத்தி முங்கினால் ஒருத்தி மேலே இருக்க வேண்டும். மேலே இருப்பவள் வேறெங்கும் பார்க்கக் கூடாது.

ஓ.டி. இல்லாத ஞாயிறுகளில் எல்லாம் போனோம். பம்பு குழாயைப் பிடித்துக்கொண்டு, காதுக்கு ஊதி ஊதி, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கப் பழகினேன். உள்ளே போகப் போகத் தண்ணீர் சில்லென்று ஆகும். ஓரிடத்துக்கு மேல் நெஞ்சு அடித்துக்கொள்ளும், நான் திரும்பிவிடுவேன். அடியை மட்டும் தொட்டதில்லை. "அதுக்கென்ன, தண்ணி எங்கயும் போயிராது," என்பாள்.

வெயில் காலத்தின் கடைசியில், கிணற்றில் தண்ணீர் இறங்கியிருந்த ஒருநாள், அவள் கண்ணாடி மாட்டிக்கொண்டு முங்கினாள். நான் படியில் இருந்தேன். வழக்கமாக வரும் நேரம் ஆயிற்று, வரவில்லை. இன்னும் கொஞ்சம் பார்த்தேன். ஒரு குமிழி மட்டும் வந்தது.

கத்தினால் வருவதற்குப் பக்கத்தில் யாரும் இல்லை. பதறி எழுந்து கடைசிப் படிக்கு இறங்கினேன். அப்படியே குதித்திருந்தால் பாதியிலேயே திரும்பியிருப்பேன். அவள் சொன்ன மாதிரி நிதானமாக ஒரே ஒரு மூச்சு இழுத்தேன். அந்த ஒரு மூச்சை இழுக்க ஒரு யுகம் ஆனது போல இருந்தது. பம்பு குழாயைப் பிடித்து இறங்கினேன். கண்ணாடி இல்லாததால் எல்லாம் பச்சையாகக் கலங்கித் தெரிந்தது. காதுக்கு ஊதினேன், மறுபடி ஊதினேன். வழக்கமாகத் திரும்பும் இடத்தைத் தாண்டினேன்.

அடியில் அவள் வெள்ளைச் சட்டை தெரிந்தது. அவள் துடிக்கவில்லை, கையைக் காலை உதறவில்லை. சட்டையின் முன்பக்கத்தில் கை வைத்தபடி, யாருக்கோ காத்திருப்பவள் போல நின்றிருந்தாள். நான் கிட்டே போனதும் என் கையைப் பிடித்து, தன் முதுகுப் பக்கம் கொண்டுபோய் வைத்தாள். கிழிந்த இரும்பு ஒன்று சட்டையைக் கொக்கி போட்டுப் பிடித்திருந்தது. துணியை இழுக்காமல், அவளைப் பின்னால் சாய்த்துத் தளர்த்திக் கழற்றினேன். இரண்டு பேரும் ஒன்றாக மேலே வந்தோம்.

படியில் கிடந்து இருமினாள். நான்தான் அழுதேன்.

"பயமா இல்லியா ஒனக்கு?" என்று கேட்டேன்.

"பயந்தா மூச்சு சீக்கிரம் தீர்ந்துரும்ல. சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு வந்துரலாம்னு பட்டனை எடுத்துக்கிட்டு இருந்தேன். ரெண்டு பட்டன்தான் பாக்கி." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீ மேல இருக்கேன்னு தெரியும். எப்பிடியும் வருவன்னுதான் அவசரப்படாம நின்னேன்."

அவள் கையைத் தொட்டுப் பார்த்தேன். அப்போதுதான் அது லேசாக நடுங்குவது தெரிந்தது. அந்த நடுக்கத்தை உள்ளே ஒரு துளிகூடக் காட்டவில்லை. இத்தனை வருடத்தில் நான் பல தைரியசாலிகளைப் பார்த்துவிட்டேன். அத்தனை அமைதியான தைரியத்தை வேறு யாரிடமும் பார்க்கவில்லை.

பெரியப்பாவிடம் சொன்னதும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. மாடு கட்டித் தண்ணீர் இறைத்த காலத்துப் பெரிய இரும்பு வாளி அது, சால் என்பார்கள். எப்போதோ கயிறு அறுந்து உள்ளே விழுந்தது. "இனிமே ஒருத்தரும் எறங்கக் கூடாது. பொட்டப் புள்ளைங்களுக்கு இன்னா வெளாட்டு இது?" என்று சத்தம் போட்டார்.

அவள் அவரை மரியாதையாகப் பார்த்து, "அதை எடுத்துட்டா யாருக்கும் மாட்டாதுங்க மாமா. கயித்தைக் கட்டிக் குடுக்குறோம், நீங்க இழுத்துருங்க," என்றாள்.

பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். மறுவாரம் வடக்கயிறோடு வந்தார்.

அன்றைக்குக் கண்ணாடியை எனக்கு மாட்டிவிட்டாள். "நீ போ. நான் மேல நிக்கேன்."

கயிற்று நுனியோடு இறங்கினேன். முதல்முறையாகக் கண்ணுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. வெயில் சாய்ந்த கோடுகளாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. கல் இடுக்கிலிருந்து ஆலம் வேர்கள் தலைமுடி போல அசைந்தன. சின்னக் கெண்டைக் கூட்டம் ஒன்று என்னைச் சுற்றிக்கொண்டு போயிற்று. இத்தனை வருடம் குளித்த கிணற்றுக்குள் இப்படி ஓர் ஊர் இருந்திருக்கிறது. வந்த வேலையை மறந்து அங்கேயே நின்றுவிடுவேனோ என்று பயந்து, சாலின் வளையத்தில் கயிற்றைக் கோர்த்து முடிச்சுப் போட்டேன். உள்ளங்கையைச் சேற்றில் ஒருமுறை அழுத்திவிட்டு மேலே வந்தேன்.

பெரியப்பாவும், உதவிக்கு வந்திருந்த அவள் புருஷனும் சேர்ந்து இழுத்தார்கள். சால் சேறு வழிய வெளியே வந்து விழுந்தது. பெரியப்பா அதைச் சுற்றி வந்து பார்த்தார். அவளிடம், "ராத்திரி வூட்ல வந்து சாப்டுங்கம்மா, ரெண்டு பேரும்," என்றார். அதற்குப் பிறகு எங்களை யாரும் தடுக்கவில்லை.

கட்டட வேலை முடிந்ததும் அவர்கள் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். மறுவருடம் லீவு போட்டு, ரயிலேறி அவளைப் பார்க்கப் போனேன். விடியற்காலை வள்ளத்தில் என்னையும் ஏற்றிக்கொண்டாள். தீவுக்குப் பக்கத்தில் பெண்கள் ஒவ்வொருவராக இறங்கி, காலில் தகட்டைக் கட்டி, பேச்சை நிறுத்திவிட்டு மூச்சை நிதானப்படுத்தினார்கள். அவர்கள் நடுவில் அவள் ராணி மாதிரி இருந்தாள் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அங்கே எல்லாரும் அவளைப் போலவே இருந்தார்கள். அது எனக்கு இன்னும் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

"உப்பு கண்ணுல படும், பழகிரும்," என்று சொல்லி அவள் முங்கினாள். நானும் தண்ணீரில் இறங்கி, வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தபடி, அவள் போன இடத்தையே பார்த்துக்கொண்டு மிதந்தேன்.