ஏரி கழுவிவிட்ட ரத்தம்

மூலம் முற்றி, வெளியே வந்த சதை உள்ளே போக மறுத்த பிறகும் நான் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. என் வைத்தியர் பழவேற்காடு ஏரிதான். தண்ணீரில் உட்கார்ந்து கையால் துழாவி இறால் பிடிப்பது என் பிழைப்பு. உட்கார்ந்தால் எரிச்சல் அடங்கும். அதனால் எல்லோருக்கும் முன்னால் இறங்கிக் கடைசியில் கரையேறுவேன். என் சுறுசுறுப்பைப் பற்றி மனைவி ஊரெல்லாம் பெருமையடித்தாள். மறுக்க மனம் வரவில்லை.

ஒதுங்குவதும் ஏரியோரம்தான். எவ்வளவு ரத்தம் போகிறதென்று எனக்கே தெரியாது, தண்ணீர் கழுவிவிடும்.

மனைவியின் தம்பி வேறு பயமுறுத்தி வைத்திருந்தான். "கத்தி வெச்சா அவ்ளோதான் மாமா. அப்பாலிக்கா அடக்கவே முடியாது. தும்முனாலே போச்சு."

"அப்போ உன் மடியில உக்காந்துதான் தும்முவேன்" என்றேன். சிரித்துவிட்டு, அன்று முதல் தும்மல் வந்தாலே மூக்கைப் பிடித்துக்கொண்டேன்.

ஐப்பசியில் புயல் எச்சரிக்கை. யாரும் ஏரியில் இறங்கக் கூடாது. கொட்டும் மழையில் வேறு வழியின்றி வீட்டுக் கக்கூஸுக்குப் போனேன். எழுந்து பார்த்தால் வெள்ளைப் பீங்கான் முழுக்கச் சிவப்பு. கதவைப் பிடித்தபடி சரிந்தேன்.

"யோவ், இன்னாயா இது? உள்ள ஆடு அறுத்தியா?" என்று கத்திய மனைவி, என் முகத்தைப் பார்த்ததும் அழத் தொடங்கினாள்.

ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் என் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார். "ஆபரேஷன்ல ஆபத்து இருக்காம்மா?" என்றேன்.

"வலி இருக்கும். ரத்தம் கசியலாம். ஒண்ணுக்குப் போகச் சிரமப்படலாம். அடக்க முடியாமப் போறது அபூர்வம். நடக்கவே நடக்காதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா முன்னாடியே வந்திருந்தா பயப்பட ஒண்ணும் இருந்திருக்காது. இப்ப உடம்புல ரத்தமே இல்ல. இப்படியே மயக்க மருந்து குடுத்தாதான் ஆபத்து. முதல்ல ரத்தம் ஏத்தணும்."

கத்திக்குப் பயந்தே கத்தியை ஆபத்தாக்கியிருக்கிறேன். அதற்கு மட்டும் எனக்கு ஜோக் வரவில்லை.

எனக்காக ரத்தம் கொடுத்துவிட்டு, முழங்கையில் பஞ்சோடு மச்சினன் வந்து நின்றான். "நான் சொன்னத மனசுல வெச்சிக்காத மாமா. எனக்கு இன்னா தெரியும்?"

ஆபரேஷன் முடிந்தது. வலியைப் பற்றி டாக்டர் சொன்னது குறைவு. புண் ஆறிய பிறகு ஒரு நாள் மூக்கைப் பிடிக்காமல் தும்மிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. தெம்புதான் இன்னும் திரும்பவில்லை, சீக்கிரமே கரையேறிவிடுகிறேன்.

இப்போது ஏரியோரம் ஒதுங்குவதில்லை. காலையில் வெள்ளைப் பீங்கானைக் குனிந்து பார்ப்பேன். வெளியே மனைவி நிற்பாள்.

"இன்னாயா, வெள்ளையா கீதா?"

நான் பதில் சொல்லும்வரை அவள் அடுப்படிக்குப் போவதில்லை.